லட்ச ரூபாய் ஹெட்ஃபோனும் நான்கு சொட்டு வெற்றிடமும்

ஒரே கைபேசி, ஒரே பாட்டு. நண்பரின் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொள்கிறோம். எத்தனையோ வருஷமாகக் கேட்ட பாட்டுதான். ஆனால் பல்லவிக்குக் கீழே ஒரு பேஸ் கிட்டார் தனியாக நடந்துபோவது இப்போதுதான் கேட்கிறது. சரணம் தொடங்குமுன் பாடகி மூச்சை இழுத்துக்கொள்வதும் கேட்கிறது. பதிவு மாறவில்லை, நம் காதும் மாறவில்லை. அந்த கிட்டார் இவ்வளவு நாள் எங்கே இருந்தது?

அடுத்த கேள்வி விலையைப் பற்றி வரும். ஆயிரம் ரூபாய்க்கும் ஹெட்ஃபோன் கிடைக்கிறது, லட்ச ரூபாய்க்கும் கிடைக்கிறது. நூறு மடங்கு விலைக்கு நூறு மடங்கு நல்ல சத்தமா? அப்படியானால், லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியவர்களில் சிலர் திருகாணியைக் கழற்றி, உள்ளே ஃபெல்ட் துணியும் ஃபோமும் வெட்டி ஒட்டுகிறார்களே, அது எதற்கு? ஒட்டிய பிறகு சத்தம் உண்மையிலேயே மேம்படுவதுதான் பெரிய வியப்பு. கருவி வைத்து அளந்தாலும் தெரிகிற மேம்பாடு அது.

மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: ஹெட்ஃபோனுக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கும் கையளவு காற்றில்.

அடைபட்ட காற்று

ஹெட்ஃபோனுக்குள் ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய தகடு. பாட்டின் மின்னோட்டம் சுருளில் பாய்ந்ததும் தகடு முன்னும் பின்னும் அதிர்கிறது. இந்த மொத்த அமைப்புக்கு டிரைவர் என்று பெயர். விளம்பரங்கள் எல்லாம் டிரைவரைப் பற்றியே பேசுவதால், டிரைவர் பாடுகிறது, காது கேட்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நடுவே நடப்பதுதான் பெரிய கதை. டிரைவர் கிளப்பிய அலை காதுமெத்தையில் பட்டுத் திரும்புகிறது, காது மடலின் மேடுபள்ளங்களில் மோதுகிறது, காதுக் குழாய்க்குள் நுழைகிறது, செவிப்பறையில் பட்டு ஒரு பகுதி மீண்டும் வெளியே வருகிறது. செவிப்பறைக்குக் கடைசியில் போய்ச் சேருவது இத்தனை மோதல்களின் கூட்டுத்தொகை.

இந்த மோதல்கள் எந்த ஒலியை எப்படி மாற்றும் என்பதை அலைநீளம் தீர்மானிக்கிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். நொடிக்கு 20 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை 17 மீட்டர் நீளம். ஒரு பேருந்தைவிட நீண்டது. 20,000 முறை அதிரும் ஒலியின் அலை 1.7 சென்டிமீட்டர்தான். நாம் கேட்கும் ஒலிகள் எல்லாம் ஏறத்தாழ இந்த இரண்டு எல்லைக்குள் அடங்கும். நொடிக்கு ஓர் அதிர்வு என்பது 1 ஹெர்ட்ஸ்.

பேருந்து நீள அலைக்கு ஹெட்ஃபோன் கோப்பை ஒரு பொருட்டே இல்லை. கோப்பைக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கும், ஒன்றாக விரியும். அந்த அழுத்தம் எங்காவது கசிந்தால் பேஸ் போய்விடும். மூடிய வகை ஹெட்ஃபோன் வைத்திருக்கும் கண்ணாடிக்காரர்கள் இதை இப்போதே சோதிக்கலாம். ஒரு பாட்டைப் போட்டு, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிப் பாருங்கள். கண்ணாடிக் காம்பு காதுமெத்தைக்கு அடியில் விடும் சின்ன இடுக்கு வழியாக பேஸ் வழிந்தோடுவது தெரியும். நண்பரின் ஹெட்ஃபோனில் புதிதாகக் கேட்ட அந்த கிட்டார், நம் ஹெட்ஃபோனின் நைந்துபோன மெத்தை வழியாக இத்தனை நாள் வெளியேறிக்கொண்டிருந்ததாகக்கூட இருக்கலாம்.

குட்டி அலைகளின் கதை வேறு. சில சென்டிமீட்டர் நீள அலைக்கு அந்தக் கோப்பை ஒரு முழு அறை. சுவருக்குச் சுவர் எதிரொலித்து, சில இடத்தில் கூடி, சில இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நம் கதை முக்கியமாக இந்தக் குட்டி அலைகளைப் பற்றியது.

நேர்கோடு ஏன் நல்ல கோடு இல்லை

எல்லா அதிர்வெண்களையும் ஒரே வலிமையோடு ஹெட்ஃபோனுக்கு அனுப்பி, ஒவ்வொன்றும் எவ்வளவு வலிமையோடு வெளியே வருகிறது என்று வரைந்தால் மேடுபள்ளமான ஒரு கோடு கிடைக்கும். இங்கே அதை ஒலிக்கோடு என்று அழைப்போம். வலிமையை டெசிபல் என்ற அளவால் குறிப்பார்கள். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்கு. 10 டெசிபல் கூடினால்தான் காதுக்கு இருமடங்கு சத்தமாகப் படும்.

நல்ல ஹெட்ஃபோனின் ஒலிக்கோடு நேராக இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். உண்மையில், செவிப்பறையில் அளக்கும்போது நேர்கோடு காட்டும் ஹெட்ஃபோன், போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல மந்தமாகக் கேட்கும். காரணம் நம் காது. காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனை செவிப்பறையால் அடைபட்டது. இப்படி ஒரு முனை மூடிய குழாய், தன்னைவிட நான்கு மடங்கு நீளமான அலையைப் பெருக்கிக்காட்டும். கணக்குப் போட்டால் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். காது மடலின் குழிவும் சேர்ந்துகொள்ள, எதிரே ஒருவர் பேசும்போது அந்தப் பகுதி மட்டும் பத்து டெசிபலுக்கு மேல் ஓங்கி செவிப்பறையை அடைகிறது. பிறந்த நாள் முதல் இப்படித்தான் கேட்கிறோம். மூளைக்கு இந்த ஓங்கல்தான் இயல்பு. காதை ஒட்டி உட்காரும் ஹெட்ஃபோன், தலையும் காது மடலும் செய்யவேண்டிய வேலையில் ஒரு பகுதியைக் குறுக்கே வெட்டிவிடுகிறது. வெட்டியதைத் தானே ஈடுகட்டித் தரவும் வேண்டும்.

எவ்வளவு ஈடு? அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2012 முதல் இதைக் கேட்பவர்களிடமே சோதித்தார்கள். பெரும்பாலோர் விரும்பியது, நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி செவிப்பறையில் எழுப்பும் கோட்டுக்கு நெருக்கமானது. இன்று ஹெட்ஃபோன்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது. பேஸ் எவ்வளவு வேண்டும் என்பதில் ரசனை வேறுபடும். ஆனாலும் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் நமக்குத் தெரியாது.

இனி விலை. 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் ஒலிக்கோடுகளை எடுத்து விலையோடு பொருத்திப் பார்த்தார். கோட்டுக்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. விலை எதையும் வாங்கித் தராது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். குறைந்த ஒலித்திரிபு, இடமும் வலமும் துல்லியமாக ஒத்துப்போகும் டிரைவர்கள், மூன்று மணி நேரம் மாட்டினாலும் வலிக்காத சட்டகம், பத்து வருஷம் கழித்தும் கிடைக்கும் உதிரிப் பாகங்கள் எல்லாம் உண்மையான பயன்கள். ஆனால் ஒலிக்கோட்டைச் செதுக்குவது அடைபட்ட காற்றின் வடிவம். அந்த வடிவத்தைச் சரியாக அமைப்பது எந்த விலையிலும் கடினம். உலகின் மிகத் தேர்ந்த ஒலிப் பொறியாளர்களுக்கும் அது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம்.

ஆறாயிரத்தில் ஒரு முள்

ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு வடக்கே வெடமார்க் என்ற பகுதி. அங்கே வென்னபாஸ்டல் கிராமத்தில் 1945-இல் ஃபிரிட்ஸ் ஸென்ஹைசர் ஓர் ஆய்வகம் தொடங்கினார். 1968-இல் பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோனை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அந்த நிறுவனம்தான். 2009-இல் அது வெளியிட்ட எச்டி 800, இன்றைக்கும் ஹெட்ஃபோன் வரலாற்றின் முக்கியமான படைப்புகளில் ஒன்று. வடிவமைப்பை முன்னின்று நடத்தியவர் ஆக்ஸல் கிரெல்.

அதன் டிரைவர் 56 மில்லிமீட்டர் விட்டம். இவ்வளவு பெரிய தகடு ஒரே தட்டாக இருந்தால், வேகமான அதிர்வுகளில் ஓரம் ஒரு பக்கமும் நடு வேறு பக்கமும் ஆட ஆரம்பித்துவிடும். அதனால் நடுப்பகுதியையே எடுத்துவிட்டு, தகட்டை வளையமாக அமைத்தார்கள். அந்த வளையத்தைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி, முன்பக்கமாகச் சாய்த்து வைத்தார்கள். அப்போதுதான் ஒலி முன்னாலிருந்து வந்து காது மடலில் மோதும். அறையில் ஒலிபெருக்கி எதிரே உட்கார்ந்த உணர்வு கிடைக்கும். கிடைக்கவும் செய்தது. கச்சேரி அரங்கின் விரிவை இதைப்போலக் காட்டும் ஹெட்ஃபோன் அபூர்வம் என்று கேட்டவர்கள் பலர் சொன்னார்கள்.

அந்த விரிவுக்கு ஒரு விலை இருந்தது. டிரைவர் தள்ளிப்போனதால் கோப்பை பெரிதாயிற்று, உள்ளே வெற்றிடமும் பெரிதாயிற்று. ஒலிக்கோட்டில் 6000 ஹெர்ட்ஸ் பக்கம் முள்போல ஒரு மேடு முளைத்தது. 6000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5.7 சென்டிமீட்டர், அதில் பாதி மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோப்பைக்குள் இருக்கும் இடைவெளிகள் எல்லாம் ஏறத்தாழ இந்த அளவில்தான். அந்த அலை மட்டும் உள்ளே போய் வந்து தன்னையே பலப்படுத்திக்கொள்கிறது. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

6000 ஹெர்ட்ஸில் இசையில் என்ன இருக்கிறது? பெரும்பாலான வாத்தியங்களில் எந்த ஸ்வரத்தின் அடிநாதமும் அவ்வளவு உயரத்தில் இல்லை. ஆனால் பாடகர் ‘ஸ’ என்று உச்சரிக்கும்போது பல்லிடுக்கில் சீறும் காற்று இருக்கிறது. வயலின் வில்லின் உரசல் இருக்கிறது. ஜால்ராவின் மினுமினுப்பு இருக்கிறது. மேடு சில டெசிபல்தான் என்றாலும், பளீரென்று பதிவான ஒரு பாட்டில் ஒவ்வொரு ‘ஸ’வும் காதைக் கீறும். இன்னொன்றும் உண்டு. ஒத்ததிர்வு ஒலியை ஓங்கச் செய்வதோடு நிற்காமல் இழுக்கவும் செய்யும். டிரைவர் நின்ற பிறகும் கோப்பைக் காற்று கணநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த இழுவையில், அதற்கு மேலே இருக்கும் நுண்ணிய ஒலிகள் அமுங்கிப்போகும்.

ஃபெல்ட் துணி ஏன் போதவில்லை

வாங்கிய ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. டிரைவரைச் சுற்றி உள்ளே தெரியும் வழுவழுப்பான பரப்பில்தான் அலை மோதித் திரும்புகிறது என்று ஊகித்து, அங்கே ஃபெல்ட்டையும் ஃபோமையும் வெட்டிப் பதித்தார்கள். இந்த மாதிரி வேலையை ‘மாட்’ என்பது அவர்கள் வழக்கு. பலன் இருந்தது, கூடவே பக்கவிளைவும் இருந்தது.

துணியும் ஃபோமும் ஒலியை உறிஞ்சுவது உராய்வினால். இழைகளுக்கு நடுவே காற்று புகுந்து புறப்படும்போது அதன் ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. சுவரை ஒட்டிக் காற்று அசைவதில்லை. சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளித்தான் அதிகமாக அசையும். 6000 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தூரம் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு தடிமனான ஃபெல்ட்டுக்குக் கோப்பைக்குள் இடமில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஃபெல்ட் ஒட்டினால், அது 6000-ஐக் கொஞ்சம் தொட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ளவற்றையே அதிகம் விழுங்கும். முள் மழுங்கும், ஜால்ராவின் மினுமினுப்பும் சேர்ந்து மங்கும். வேண்டியது, 6000-ஐ மட்டும் விழுங்கி மற்றவற்றைத் தொடாத ஒரு வாய்.

கடத்தின் வயிறு

அப்படி ஒன்றைத் தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடத்தின் வாயருகே வித்வான் உள்ளங்கையால் தட்டியதும் எழுகிற ஆழமான ‘கும்’ ஓசை, பானையின் மண் அதிர்வதால் மட்டும் வருவதில்லை. பானைக்குள் இருக்கும் காற்று வில்சுருள்போல அமுங்கி விரிகிறது. வாயில் இருக்கும் காற்று அந்தச் சுருளில் கட்டிய எடையாக உள்ளே வெளியே ஆடுகிறது. எடையும் சுருளும் சேர்ந்தால் ஆட்டத்துக்குக் குறிப்பிட்ட வேகம் வந்துவிடும். வித்வான் கடத்தின் வாயைத் தன் வயிற்றோடு அணைத்துத் திறப்பைக் குறைத்தால் ஓசை கீழே இறங்குகிறது, விலக்கினால் ஏறுகிறது.

வாயும் வயிறும் உள்ள இந்த அமைப்பை வரிசையாகச் செய்து, இசையொலியைப் பிரித்துப் பார்க்கப் பயன்படுத்தியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1863-இல் வெளிவந்த அவர் நூலில் இதன் விளக்கம் இருக்கிறது. அதனால் இதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வி என்று பெயர்.

கடம் ஒலி தரும் கருவி. அதே அமைப்பு ஒலி தின்னும் கருவியாகவும் ஆகும். வெளியே 6000 ஹெர்ட்ஸ் ஒலி ஓங்கும்போது, 6000-க்கு இசைந்த குட்டிக் கடம் ஒன்று பக்கத்தில் இருந்தால், அதன் வாய்க்காற்று மட்டும் வேகமாக ஆட ஆரம்பிக்கும். ஆடுவதற்கு வேண்டிய ஆற்றலை அந்த 6000-இலிருந்தேதான் எடுக்கும். வாயில் மெல்லிய துணியைக் கட்டிவிட்டால், எடுத்த ஆற்றல் உராய்வில் தீர்ந்துபோகும், திரும்பி வராது. 3000-க்கோ 12,000-க்கோ அந்த வாய் ஏறக்குறைய அசையவே அசையாது.

நான்கு சொட்டு

இந்தக் குட்டிக் கடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். வாய் 4 மில்லிமீட்டர் விட்டம், கழுத்து 2 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். கழுத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் கொஞ்சம் காற்று சேர்ந்தே ஆடும் என்பதால், கணக்கில் கழுத்து ஐந்தரை மில்லிமீட்டர் போல ஆகிவிடும். இந்த வாய் 6000 ஹெர்ட்ஸில் ஆடவேண்டுமானால் வயிற்றின் கொள்ளளவு ஒரு மில்லிலிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. மருந்துச் சொட்டியில் எண்ணினால் நான்கு சொட்டுத் தண்ணீர்.

இப்போது ஒரு தவறு செய்து பார்ப்போம். வாய் அதேதான், வயிற்றை மட்டும் நான்கு மடங்கு ஆக்குவோம், பதினாறு சொட்டு. வயிறு நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். குட்டிக் கடம் இப்போது 3000 ஹெர்ட்ஸை விழுங்கும். காதுக் குழாய் இயல்பாகவே ஓங்கச் செய்யும், மூளை எதிர்பார்க்கும் பகுதி அதுதான். முள் அப்படியே இருக்கும். பாடகரின் குரல் பின்வாங்கி, போர்வைக்குள் போய்விடும். பன்னிரண்டு சொட்டு வித்தியாசத்தில் மருந்து நஞ்சாகிறது.

வயிறு எவ்வளவு என்பதோடு, எங்கே வைப்பது என்பதும் உண்டு. வளையமான டிரைவரின் நடுவில் காலியிடம் இருந்ததல்லவா? ஆர்வலர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நடுவிடத்தில் பொருந்தும் சிறிய ஒத்ததிர்வி ஒன்றைக் கையாலேயே செய்து வைத்து, அளந்து பார்த்தார்கள். முள் தணிந்தது, மேலேயுள்ள ஒலிகள் பிழைத்தன, அரங்கின் விரிவும் குறையவில்லை.

ஸென்ஹைசரிடமும் இதே யோசனை வளர்ந்துகொண்டிருந்தது. 2012-இல் அவர்கள் வெளியிட்ட ஐஇ 800 என்ற காதுக்குள் செருகும் இயர்ஃபோனில், ஒத்ததிர்வை விழுங்கும் இரண்டு நுண்ணறைகளை வைத்திருந்தார்கள். எச்டி 800-இன் அடுத்த வடிவமான எச்டி 800 எஸ், 2015 கடைசியில் அறிவிக்கப்பட்டு 2016-இல் கடைக்கு வந்தது. அதன் வளையத்தின் நடுவில் ஓர் உறிஞ்சி உட்கார்ந்திருந்தது, ஹெல்ம்ஹோல்ட்ஸ் வகை. வீட்டு மேசையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தவரும், வெடமார்க் ஆய்வகத்துப் பொறியாளரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரித் துளையை வைத்தார்கள். காற்றின் இயற்பியல் இருவருக்கும் பொது.

இந்தத் தொழிலில் ஆர்வலருக்கும் உற்பத்தியாளருக்கும் நடுவே சுவர் எப்போதும் மெல்லியதுதான். ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் நிறுவனத்து டி50ஆர்பி என்ற எளிய விலை ஹெட்ஃபோனின் கோப்பைக்குள் களிமண் அப்பி, பஞ்சு அடைத்து மாற்றியவர்கள் ஏராளம். களிமண் பிளாஸ்டிக் சுவரின் நடுக்கத்தை அடக்கும்; பஞ்சு பின்பக்க அலையை உறிஞ்சும். அப்படி மாற்றி விற்கத் தொடங்கிய அமெரிக்கர் டான் கிளார்க், பிறகு தன் பெயரிலேயே ஹெட்ஃபோன் நிறுவனம் நடத்தினார். 2021-இல் அவர் வெளியிட்ட ஸ்டெல்த் என்ற ஹெட்ஃபோனில், டிரைவருக்கும் காதுக்கும் நடுவே தேன்கூடுபோல ஒரு தகடு. பல அளவு குட்டி அறைகள், ஒவ்வொன்றும் ஒரு தனி அதிர்வெண்ணை விழுங்குவதற்கு.

கத்தரிக்கோலுக்கு முன் ஈக்வலைசர்

இவ்வளவு சிரமம் எதற்கு, கணினியிலேயே 6000-ஐக் குறைத்துவிட்டால் போதாதா? போதும், பெரும்பாலும். நான் யாருக்கும் முதலில் சொல்வது அதைத்தான்.

சில ஈக்வலைசர்களில் மூன்று எண்களைக் கொடுக்கலாம்: எந்த அதிர்வெண், எவ்வளவு டெசிபல் குறைக்க, எவ்வளவு அகலத்துக்கு. விண்டோஸ் கணினிக்கு இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசர் ஏபிஓ அப்படிப்பட்டது. எச்டி 800-க்கு 6000-இல் நாலைந்து டெசிபலை, அகலம் குறைவாக வைத்துக் குறைத்துப் பாருங்கள். மேட்டை அமுக்கினால் இழுவை அப்படியே இருக்குமே என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் ஹெட்ஃபோன்களில் மேடும் இழுவையும் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு தோற்றங்கள். ஒன்றைச் சரியான அளவில் அமுக்கினால் மற்றதும் அடங்கும். பள்ளங்கள் வேறு. இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்து உண்டான ஆழமான பள்ளத்தில் எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாது. கூட்டுகிற அளவுக்கு அழிவும் கூடும். அங்கே கோப்பையின் வடிவத்தைத்தான் மாற்றியாக வேண்டும்.

காதுமெத்தை மாற்றுவதும் வடிவத்தை மாற்றுவதுதான். தோல் மெத்தைக்குப் பதில் வெல்வெட் மெத்தை போட்டாலே உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவும், கசிவும், டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரமும் மாறிவிடும். நைந்த மெத்தையை மாற்றுவதைப்போல மலிவான, பெரிய மாற்றம் வேறில்லை. வேறு நிறுவன மெத்தையை அழகுக்காக மாட்டுபவர்கள், சத்தத்தையும் சேர்த்து மாற்றுகிறோம் என்று தெரிந்து மாட்ட வேண்டும்.

கேபிளைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். எச்டி 800-இன் மின்மறுப்பு 300 ஓம். கேபிளின் தடையில் ஒரு ஓம் வித்தியாசம் வந்தால் வலிமையில் வரும் மாற்றம் 0.03 டெசிபல். நன்றாகப் பயிற்சி பெற்ற காதுக்கும் கால் டெசிபலுக்குக் கீழே பிடிபடுவது அரிது. கேபிளுக்குக் கொடுக்கும் பணம் உறுதிக்கும் நீளத்துக்கும் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபையரின் கதை அப்படியில்லை. சில வால்வு ஆம்ப்களின் வெளியீட்டு மின்மறுப்பே 100 ஓம் இருக்கும். எச்டி 800-இன் 300 ஓம், பேஸ் பகுதியில் 600 ஓமுக்கு ஏறுகிறது. அங்கே ஆம்ப்பில் இழக்கும் பங்கு குறைந்து, பேஸ் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல் கூடும். வால்வு ஆம்ப்பின் கதகதப்பு என்று ரசிகர்கள் புகழ்வதில் இதற்கும் பங்கு உண்டு.

எதோடு எதை ஒப்பிடுகிறோம்

மாற்றம் நல்லதா என்று தெரிய முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டாக வேண்டும். நம் காது ஏமாறுவது இங்கேதான். இரண்டில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தால், அது சத்தமாக இருக்கிறது என்று தோன்றாது; தெளிவாக, உயிரோடு இருக்கிறது என்று தோன்றும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் காட்டியபடி, ஒலி குறையும்போது பேஸ் மற்றவற்றைவிட வேகமாகக் காதிலிருந்து மறைகிறது. ஆக சத்த அளவு மாறினால் ஒலிக்கோடே மாறியதுபோல் இருக்கும். அதனால் முதலில் அளவைச் சமன் செய்யுங்கள். தடித்த அட்டையில் துளையிட்டு, ஒரு மைக்கை அதில் பொருத்தி, ஹெட்ஃபோனை அட்டைமேல் அழுத்திவைத்து இரைச்சல் ஒலி ஒன்றை ஓட்டினால் போதும். செவிப்பறையில் விழும் ஒலிக்கோட்டை இது காட்டாது. ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் வந்த வித்தியாசத்தைக் காட்டும், நமக்கு வேண்டியது அதுதான்.

ஒலியின் நுட்பமான நினைவு சில நொடிகளுக்கு மேல் தங்காது. நேற்றுக் கேட்டதோடு இன்று கேட்பதை ஒப்பிட முடியாது. கையில் எடுத்தால் எடை தெரிந்துவிடும், மாட்டினால் மெத்தை தெரிந்துவிடும், விலை ஏற்கெனவே தெரியும். ஹார்மன் ஆய்வாளர்கள் இதைத் தவிர்க்கக் கேட்பவர்களுக்கு ஒரே ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, மற்ற ஹெட்ஃபோன்களின் ஒலிக்கோடுகளை ஈக்வலைசரால் அதற்குள் ஓட்டினார்கள். வீட்டிலும் அதையே செய்யலாம். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஈக்வலைசரைப் போட்டும் நிறுத்தியும், எது ஓடுகிறது என்று பார்க்காமல் வேறொருவரை மாற்றச்சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் முள்ளைக் கண்டுபிடிக்க

எச்டி 800-இன் முள் எல்லோர் காதிலும் சரியாக 6000-இல் நிற்காது. காது மடலின் அளவும், ஹெட்ஃபோன் தலையில் உட்காரும் விதமும் அதை இங்குமங்கும் நகர்த்தும். சத்தத்தை நன்றாகக் குறைத்துவைத்து, சுத்தமான ஒற்றைத் தொனியை 4000-இலிருந்து 10,000 வரை மெதுவாக ஏற்றுங்கள். எங்கோ ஓரிடத்தில் தொனி திடீரென்று கூசும்.

உடனே அதை வெட்டிவிட வேண்டாம். காதுக் குழாய் 3000-இல் செய்ததை, மும்மடங்கு உயரத்தில், எட்டு ஒன்பதாயிரத்தில் இன்னொரு முறை செய்யும். அது உங்களுடைய காது. அதோடுதான் உலகத்தையே கேட்டுவந்திருக்கிறீர்கள். வேறு வகை ஹெட்ஃபோன் ஒன்றில் அதே தொனியை ஏற்றிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் கூசினால் பெரும்பாலும் காதின் வேலை. ஒன்றில் மட்டும் கூசினால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 5700 ஆக இருக்கலாம், 6300 ஆக இருக்கலாம். ஈக்வலைசரில் அந்த இடத்தைக் குறைத்து ஒரு வாரம் கேளுங்கள். அதற்குப் பிறகும் அந்தக் குறைப்பு வேண்டும் என்று பட்டால் ஹெட்ஃபோனைத் திறக்கலாம்.

திறந்தால், பசை வேண்டாம். உரித்தெடுக்க முடிகிற இரட்டைப் பக்க டேப் போதும். இடது பக்கத்துக்கு வெட்டியதை அச்சாக வைத்தே வலது பக்கத்துக்கும் வெட்டுங்கள். டிரைவருக்குள் இருப்பது வலுவான காந்தம். இரும்பு ஸ்க்ரூடிரைவரின் முனை அருகே போனால் கையிலிருந்து இழுபட்டு, முடியைவிட மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும். அந்தப் பக்கம் வேலை செய்யும்போது மூங்கில் குச்சியைப் பயன்படுத்துங்கள்.